வருகைப் பதிவேடு சொல்லும் வேலை நேரம்

(குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாளையொட்டி ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2002 முதல் ஜூன் 12ஆம் நாளைக் குழந்தைத் தொழிலாளர் முறை எதிர்ப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. நம் பள்ளிகளிலும் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி எடுக்கிறோம். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி வைக்கிறோம். இவை தேவையானவைதான். ஆனால் அந்த உறுதிமொழியைக் கையை நீட்டிச் சொல்லும் மாணவர்களில் ஒருவன், முந்தைய இரவு 11 மணி வரை பரோட்டாக் கடையில் மேசை துடைத்துவிட்டு வந்தவனாக இருக்கலாம். அவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன், வயது 15. பள்ளிக்கு வருகிறான், பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே எந்தக் கணக்கெடுப்பிலும் அவன் 'இடைநின்றவன்' என்று வரமாட்டான்.

அவன் செய்யும் வேலை சட்டப்படி சரியா? ஆசிரியர் ஓய்வறையில் கேட்டுப் பாருங்கள். "பதினாலு முடிஞ்சிருச்சே சார், அப்புறம் என்ன தப்பு?" என்று பெரும்பாலும் பதில் வரும். இந்தப் பதில் பாதிதான் சரி. வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதற்குச் சட்டம் வயதைப் பார்க்கிறது. போகலாம் என்றால் எத்தனை மணிக்கு, எத்தனை மணி நேரம் என்று அடுத்து கேட்கிறது. இந்த இரண்டாவது கேள்வியை நாம் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வயது இரு மடங்கு, நேரம் பாதி

இந்த மணிக்கணக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்த ஆலைகளுக்கு அது பொருந்தியது. 7 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தையிடம் நாளொன்றுக்கு 9 மணி நேரம் வேலை வாங்கலாம் என்றது. இன்று நம்மிடம் இரண்டாம் வகுப்பில் படிக்கும் குழந்தைக்கு 9 மணி நேர வேலை! அப்போது அது குழந்தைகளுக்குக் கிடைத்த பாதுகாப்பாகக் கருதப்பட்டது.

1891இல் குறைந்த வயது 9 ஆகவும் வேலை நேரம் 7 மணி ஆகவும் மாற்றப்பட்டன. 1911இல் துணி ஆலைகளில் குழந்தைகளுக்கு 6 மணி நேரம் என்றானது. 1922இல் குறைந்த வயது 12 ஆயிற்று. 1934ஆம் ஆண்டுச் சட்டம் வேலை நேரத்தை 5 மணியாகக் குறைத்தது. நாடு விடுதலை பெற்ற பின் வந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வயதை 14 என்று உயர்த்தி, 14 முடிந்து 15 நிறையாதவர்களுக்கு நாலரை மணி நேரம் என்று வரையறுத்தது.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். 67 ஆண்டுகளில் வயது 7இலிருந்து 14ஆக, இரு மடங்காயிற்று. நேரம் 9 மணியிலிருந்து நாலரை மணியாக, சரி பாதியாயிற்று. ஒவ்வொரு முறை குறைத்தபோதும் "தொழில் படுத்துவிடும், ஏழைக் குடும்பங்கள் என்ன செய்யும்" என்ற கேள்வி எழத்தான் செய்தது. இன்றும் அதே கேள்வியை நாம் கேட்கிறோம். பிறகு அதற்கு வருகிறேன்.

இதற்கிடையில் 1933இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு 15 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது அது. நம் மாவட்டங்கள் சிலவற்றில் ஆட்டுக் கிடைக்கும் செங்கல் சூளைக்கும் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளை அனுப்பும் செய்திகளை இன்றும் நாளிதழ்களில் படிக்கிறோம். அந்த வழக்கத்தை மறுக்கும் சட்டம் 90 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

14 வயது வரை

1986இல் குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம் இயற்றப்பட்டது. பீடி சுற்றுதல், தீப்பெட்டி, பட்டாசு, தோல் பதனிடுதல், கட்டுமானம் போன்ற பட்டியலிட்ட வேலைகளில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை அது தடை செய்தது. மற்ற வேலைகளில் நேர வரம்புடன் அனுமதித்தது. வீட்டு வேலையும், உணவகம், தேநீர்க் கடை வேலையும் 2006 அக்டோபர் 10 முதல்தான் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

2009இல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை என்று ஒரு சட்டம் சொல்ல, அதே வயதுக் குழந்தை சில வேலைகளுக்குப் போகலாம் என்று இன்னொரு சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த முரண்பாடு 2016இல்தான் நீங்கியது. அந்த ஆண்டின் திருத்தம் செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயது நிறையாத குழந்தையை எந்தத் தொழிலிலும் ஈடுபடுத்தக் கூடாது என்பதே இன்றைய சட்டம். அதன் பெயரும் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் என்று மாறியது.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. இரண்டையும் ஆசிரியர்கள் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் விலக்கைக் காட்டியே பலர் தப்பிக்கிறார்கள்.

முதலாவது, குடும்பத்துக்கு உதவுவது. பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். ஆபத்தான தொழிலாக இருந்தால் அதுவும் கூடாது. 2017இல் வெளியான விதிகள் இந்த உதவிக்கு எல்லை வகுத்துள்ளன. ஓய்வு நேரம் நீங்கலாக ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது. வீட்டுப்பாடத்துக்கும் விளையாட்டு முதலிய பிற செயல்பாடுகளுக்கும் இடையூறாக இருக்கக் கூடாது. அந்தத் தொழில் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் நடப்பதாக இருக்க வேண்டும். அப்பாவின் பெட்டிக் கடையில் மாலையில் அரை மணி நேரம் உட்காருவது உதவி. யாரோ ஒருவரின் விசைத்தறிக் கூடத்தில் அம்மாவோடு சேர்ந்து இரவில் நூல் சுற்றுவது உதவி ஆகாது. 'குடும்பம்' என்றால் யார் என்பதையும் சட்டம் சொல்கிறது: பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர். தூரத்துச் சொந்தக்காரர் "என் அக்கா மகன் மாதிரி" என்று சொல்வது அதில் வராது.

இரண்டாவது, திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம் போன்றவற்றில் நடிக்கும் குழந்தைகள். இவர்களுக்கும் வரம்பு உண்டு. நாளொன்றுக்கு 5 மணி நேரம். இடைவேளை இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாள்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 விழுக்காடாவது அக்குழந்தையின் பெயரில் தேசிய வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். பள்ளிக் கல்வி நின்றுவிடக் கூடாது. "சூட்டிங் இருக்கு டீச்சர்" என்று ஒரு மாதம் விடுப்புக் கேட்டு வரும்போது இந்த எண்கள் நமக்குப் பயன்படும்.

14 முடிந்து 18 வரை

இப்போது நம் ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு வருவோம். 14 வயது முடிந்து 18 நிறையாதவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்று அழைக்கிறது. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தானவை என்று வகைப்படுத்திய செயல்முறைகள் ஆகியவற்றில் இவர்களை ஈடுபடுத்தக் கூடாது. அங்கே நேரக் கணக்கே கிடையாது. ஒரு மணி நேரம்கூடத் தவறு. பட்டாசு ஆலைக்கு 17 வயதுப் பையன் போனாலும் சட்டப்படி குற்றம்தான்.

மற்ற கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலைக்கு அனுமதி உண்டு. ஆனால் அந்த அனுமதியோடு சட்டத்தின் 7ஆம், 8ஆம் பிரிவுகள் சேர்ந்தே வருகின்றன. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதற்குள் குறைந்தது ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வும், வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்த்து ஒரு நாளில் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது. கூடுதல் நேர வேலை கூடாது. ஒரே நாளில் இரண்டு இடங்களில் வேலை செய்யக் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை வேண்டும்.

1986இல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக எழுதிய அதே நேர வரம்புகள்தான் 2016இல் வளரிளம் பருவத்தினருக்கு உரியவையாக மாறின. ஆகவே 14 முடிந்துவிட்டால் சட்டம் கையை விரித்துவிடுகிறது என்று நினைப்பது சரியில்லை.

இனி ஒரு சிறு கணக்கு. பள்ளி மாலை 4.15க்கு முடிகிறது. மாணவன் கடைக்குப் போய்ச் சேர 4.45 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 7 மணிக்கு அவன் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டேகால் மணி நேரம் கிடைக்கிறது. பள்ளிக்கு வரும் ஒரு மாணவனுக்குச் சட்டம் விடும் இடம் இவ்வளவுதான். பரோட்டாக் கடையில் அடுப்பே மாலை 6 மணிக்குத்தான் மூட்டுகிறார்கள். அதிகாலைத் தேநீர்க் கடை 5 மணிக்குத் திறக்கிறது. கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறும் வேலை காலைப் பலகாரத்துக்காக விடியுமுன் தொடங்குகிறது. வரவேற்பு என்றால் இரவு 10 மணி ஆகிறது. நம் மாணவர்கள் 'பகுதி நேரமாக' செய்யும் வேலைகளில் பெரும்பாலானவை காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போதான் நடக்கின்றன. வயது சரியாக இருந்தாலும் நேரம் தவறு.

இன்னொன்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். பள்ளியில் 7 மணி நேரம், அதன்பின் கடையில் 5 மணி நேரம் என்றால் 12 மணி நேரம். வளர்ந்த தொழிலாளிக்கு 8 மணி நேர வேலை என்பது பொதுவான அளவு. ஒரு 15 வயதுப் பிள்ளை அதைவிட 4 மணி நேரம் கூடுதலாக உழைத்துவிட்டு நம் முன் வந்து உட்காருகிறான். பள்ளி நேரத்தைச் சட்டம் உழைப்பாகக் கணக்கிடுவதில்லை. அந்தக் கூட்டலை நாம்தான் செய்ய வேண்டும்.

யார் பார்க்கிறார்கள்?

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கடைகளையும் நிறுவனங்களையும் ஆய்வு செய்கிறார்கள். ஆனால் ஓர் ஆய்வாளர் ஒரு கடைக்கு எப்போதாவதுதான் போக முடியும். அவர் போகும் நேரத்தில் பையன் பள்ளியில் இருப்பான். இரவில் போனால் "பக்கத்து வீட்டுப் பிள்ளை, சும்மா உக்காந்திருக்கான்" என்பார்கள். வாரத்தில் ஐந்து நாளும் அதே பிள்ளையை நேருக்கு நேர் பார்ப்பவர் வகுப்பாசிரியர் ஒருவர்தான். வேலை நேர வரம்பு மீறப்படுகிறதா என்பதற்கான சான்று கடையைவிட நம் வகுப்பறையில்தான் தெளிவாகத் தெரிகிறது.

எப்படித் தெரியும்? முதல் பாடவேளையிலேயே தூங்குவான். கையில் எண்ணெய் தெறித்த புண், சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல் நுனிகள், பட்டறைக் கரி. வீட்டுப்பாடம் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே மாதிரி விடுபட்டிருக்கும். நன்றாக எழுதிய கையெழுத்து திடீரென்று கோணும்.

வருகைப் பதிவேடு இன்னும் அதிகம் சொல்லும். மாதக் கடைசியில் கூட்டிப் போட்டு விழுக்காடு எழுதுவதோடு நாம் பதிவேட்டை மூடிவிடுகிறோம். ஒரு முறை குறுக்குவாட்டில் படித்துப் பாருங்கள். ஒருவன் திங்கள்கிழமை தோறும் வரவில்லையா? ஞாயிற்றுக்கிழமை மண்டப வேலை இருந்திருக்கும். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள்களில் மட்டும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வரவில்லையா? நாள்காட்டியை எடுத்து ஒப்பிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஜவுளிக் கடைத் தெருவில் யார் நிற்கிறார்கள்? பொங்கல் கழிந்து ஒரு குடும்பத்தின் அண்ணன் தங்கை இருவரும் சேர்ந்தே காணாமல் போனால், அது சூளை தொடங்கும் காலம். பதிவேட்டில் 'வரவில்லை' என்ற குறி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. பல குறிகள் ஒரே ஒழுங்கில் விழுந்தால் அதற்குப் பின்னே ஒரு வேலை இருக்கக் கூடும்.

2017 விதிகள் இதில் நமக்கு ஒரு கடமையையும் தந்துள்ளன. பள்ளியில் படிக்கும் குழந்தை தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், மாவட்ட ஆட்சியர் இதற்கென நியமித்த பொறுப்பு அலுவலருக்குத் தலைமையாசிரியர் அதைத் தெரிவிக்க வேண்டும். தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதி ஒன்று தலைமையாசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் 30 நாள் என்பது காத்திருக்கச் சொல்லும் கணக்காக ஆகிவிடக் கூடாது. மூன்றாம் நாளே ஒரு தொலைபேசி அழைப்பு, ஏழாம் நாளுக்குள் வீட்டுக்கு ஒரு நடை என்று வைத்துக்கொண்டால் பல பிள்ளைகள் திரும்பி வந்துவிடுவார்கள். ஒரு மாதம் கூலி வாங்கிப் பழகிய பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவது, ஒரு வாரம் வராத பிள்ளையைக் கொண்டுவருவதைவிடப் பல மடங்கு கடினம். அந்தக் கூலியை நம்பி வீட்டில் ஒரு கடனோ சீட்டோ அதற்குள் தொடங்கியிருக்கும்.

தெரிந்த பிறகு என்ன செய்வது?

இங்கேதான் ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். தயக்கத்துக்கு நியாயம் உண்டு. "புகார் கொடுத்தால் அவன் பள்ளிக்கே வராமல் போய்விடுவானே", "அப்பா இல்லாத வீடு, அந்த இருநூறு ரூபாயில்தான் அடுப்பு எரிகிறது", "ஊரில் நாளைக்கு என் முகத்தில் விழிப்பார்களா" என்கிறார்கள். இந்தக் கவலைகளை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. அதனால் நிலைமையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

சில நிலைமைகளில் யோசிக்கவே கூடாது. பிள்ளைக்கு 14 நிறையவில்லை, பிறரிடம் வேலை செய்கிறது, வேலை ஆபத்தானது, பிள்ளையை வெளியூரில் தங்கவைத்து வேலை வாங்குகிறார்கள், முன்பணம் கைமாறியிருக்கிறது, அடி, துன்புறுத்தல் இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் 1098 என்ற இலவச எண்ணுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, தொழிலாளர் துறை ஆகியவை அடுத்து வர வேண்டியவற்றைப் பார்க்கும். பெண் பிள்ளைகளைத் திருமணச் சேமிப்பு என்று ஆசை காட்டி நூற்பாலை விடுதிகளுக்கு அழைத்துச் சென்ற 'சுமங்கலித் திட்டம்' போன்ற ஏற்பாடுகளை நாம் மறக்கவில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணின் வீட்டுக்கு முகவர் வந்து போகிறார் என்று கேள்விப்பட்டாலே நாமும் ஒரு முறை போய்வருவது நல்லது.

மற்ற நிலைமைகளில், அதாவது 14 முடிந்த மாணவன் அருகில் உள்ள கடையில் மாலை நேரம் வேலை செய்கிறான் என்றால், முதலில் அவனோடு தனியே பேசுங்கள். வகுப்பில் எழுப்பி நிறுத்தி, "என்னடா, ராத்திரி முழுக்க கடையா?" என்று கேட்டால் மறுநாள் அவன் வரமாட்டான். எத்தனை மணிக்குப் போகிறாய், எப்போது படுக்கிறாய், எங்கே சாப்பிடுகிறாய், கூலி யார் கையில் தருகிறார்கள் என்று மெதுவாகக் கேளுங்கள். பிறகு வீட்டில் பேசுங்கள். "வேலைக்கு அனுப்பாதீர்கள்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "7 மணிக்கு மேல் வேலை வாங்கினால் கடைக்காரர் மேல் சட்டம் பாயும், 7 மணிக்குள் வீட்டுக்கு வரட்டும்" என்று தொடங்குங்கள். பெற்றோரால் அதை ஏற்க முடியும். கடைக்காரரிடமும் அதையே சொல்லலாம். நீங்கள் தனியாகப் போகத் தேவையில்லை. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரும் உறுப்பினர் ஒருவரும் உடன் வந்தால் அது ஊர் சொல்லும் சொல்லாகிறது. அதற்குப் பிறகும் நேரம் குறையவில்லை என்றால் புகார்தான் வழி. இந்தச் சட்டத்தின் கீழ்ப் புகார் செய்ய யாருக்கும் உரிமை உண்டு.

பெற்றோரின் பயத்தைப் போக்க நமக்குச் சட்டத்தின் இன்னொரு பகுதி தெரிந்திருக்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைத்தவருக்கும், வளரிளம் பருவத்தினரை ஆபத்தான வேலையில் வைத்தவருக்கும் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.20,000 முதல் ரூ.50,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை சிறை. பெற்றோரைப் பொறுத்தவரை, வணிக நோக்கத்தில் பிள்ளையை வேலைக்கு விட்டால்தான் அவர்கள் மீது பொறுப்பு வரும். தண்டனை பெற்ற பின் மீண்டும் செய்தால் ரூ.10,000 வரை அபராதம். "உங்களை உள்ளே தள்ள யாரும் வரவில்லை, அம்மா" என்று நாம் தெளிவாகச் சொல்லலாம். வேலைக்கு வைத்தவரிடம் வசூலாகும் அபராதம் அந்தப் பிள்ளைக்கான மறுவாழ்வு நிதியில் சேரும், அரசும் ரூ.15,000 சேர்க்கும்.

வறுமை என்ற கேள்வி

முன்னே சொன்ன கேள்விக்கு வருகிறேன். வறுமை இருக்கும்போது சட்டம் பேசுவது நியாயமா?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன்னே போனது நம் சிவகாசியிலிருந்துதான். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த குழந்தைகள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பு வந்தது. ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும் என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும். முடியாவிட்டால் அரசும் ரூ.5,000 சேர்க்க வேண்டும் என்றது. ஆபத்தில்லாத தொழில்களில் வேலை நேரம் 4 முதல் 6 மணிக்குள் இருக்க வேண்டும், நாள்தோறும் 2 மணி நேரக் கல்வி வேண்டும், அதன் செலவு முதலாளியுடையது என்றும் சொன்னது.

குழந்தையின் கூலி நின்றால் பெரியவரின் கூலி வர வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் அடிப்படை. வறுமைக்கு மருந்து பிள்ளையின் இரவு வேலை என்று அது ஒப்புக்கொள்ளவில்லை. உண்மையில் குறைந்த கூலிக்குப் பிள்ளை கிடைக்கும் இடத்தில் அவன் அப்பாவுக்கு வேலை கிடைப்பதில்லை.

அரசின் கல்வி உதவித்தொகை, விதவைத் தாயின் உதவித்தொகை, மாணவர் விடுதி, ஊரக வேலைத் திட்டம், மகளிர் சுய உதவிக் குழுக் கடன் ஆகியவற்றில் எது அந்தக் குடும்பத்துக்கு வரவேண்டியிருந்தும் வராமல் இருக்கிறது என்று விசாரிப்பது ஆசிரியரின் வேலையா என்று கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது பல நேரங்களில் நம்மால் முடிகிறது. அந்த மாதம் வரும் சிறு தொகை ஒரு பிள்ளையின் இரண்டு மணி நேரத் தூக்கமாக மாறுகிறது.

விடுமுறையும் சான்றுகளும்

பிள்ளைகளை நாம் இழப்பது பெரும்பாலும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில். "லீவுல சும்மாதானே இருக்கான்" என்று தொடங்கும் வேலை, பள்ளி திறந்த பின்னும் தொடர்கிறது. ஆகவே தேர்வு முடியும் நாளில் வகுப்பாசிரியர் ஒரு சிறு பட்டியல் தயாரித்துக்கொள்ளலாம்: இந்த ஆண்டு அடிக்கடி வராதவர்கள், அண்ணனோ அக்காவோ படிப்பை நிறுத்திய வீடுகள், பத்தாம் வகுப்பில் தேர்ச்சி ஐயமாக இருப்பவர்கள். பத்துப் பதினைந்து பெயர்தான் வரும். மே மாத நடுவில் ஒரு முறை, பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் ஒரு முறை அந்தப் பெயர்களைத் தேடினால் போதும். பத்தாம் வகுப்பில் தவறியவர்களைத் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டவைப்பது, அவர்களைப் பட்டறையிலிருந்து மீட்பதற்குச் சமம்.

சான்றுகளிலும் கவனம் வேண்டும். ஒரு பிள்ளையின் வயது பற்றிக் கேள்வி எழும்போது, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றை இளைஞர் நீதிச் சட்டம் முதல் சான்றுகளில் ஒன்றாக வைக்கிறது. மருத்துவச் சோதனை அதற்கெல்லாம் பிறகுதான். நாம் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதும் ஒரு தேதி, நாளை ஒரு பிள்ளையை மீட்கவும் கூடும், சிக்கவைக்கவும் கூடும். ஒன்பதாம் வகுப்பு நடுவில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஒருவர் வந்தால், எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். அந்தப் பள்ளிக்கு ஒரு முறை பேசி உறுதி செய்வோம்.

மீட்கப்பட்ட பிள்ளை நம் வாசலுக்கு வரும்போது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரவேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஈராண்டு உழைத்துவிட்டு வந்த பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாடு மறந்திருக்கும். காசு எண்ணத் தெரிந்திருக்கும். அங்கிருந்து தொடங்கலாம்.

மாணவர்களுக்கும் தெரியட்டும்

கடைசியாக ஒன்று. இந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுக்கே அது தெரியாது. எட்டாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு பாடவேளை இதற்குத் தரலாம். ஒவ்வொரு மாணவனும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் கட்டங்களாக வரைந்து, தூக்கம், பள்ளி, படிப்பு, விளையாட்டு, வேலை என்று வண்ணம் தீட்டட்டும். பெயர் எழுத வேண்டாம். மற்றவர்களிடம் காட்டவும் வேண்டாம். பின்னர் ஆசிரியர் கரும்பலகையில் நான்கு எண்களை மட்டும் எழுதலாம்: 14, 18, 3, 7. பதினான்குக்குக் கீழே பிறரிடம் வேலை இல்லை. பதினெட்டு வரை ஆபத்தான வேலை இல்லை. தொடர்ந்து மூன்று மணிக்கு மேல் இல்லை. மாலை ஏழுக்குப் பின் இல்லை. கூடவே 1098. அன்று மாலை யாராவது ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் மேசை அருகே நின்றால், அவனுக்கு நேரம் கொடுங்கள்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5 முதல் 14 வயதுக்குள் வேலை செய்வோர் நாடு முழுவதும் 1 கோடிக்கு மேல் என்று தெரிந்தது. அந்த எண் நம் கைக்கு எட்டாதது. நாற்பது பெயர் உள்ள ஒரு பதிவேடு நம் கைக்கு எட்டும். இந்த வாரமே உங்கள் வகுப்பின் பதிவேட்டைக் கடந்த மூன்று மாதங்களுக்குக் குறுக்குவாட்டில் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஒழுங்காக விழுந்த குறிகள் யார் பெயருக்கு நேரே இருக்கின்றன என்று பார்த்து, அந்தப் பிள்ளையிடம் நேற்று இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள்.